160 கடைக்கு மெயில் அனுப்பினேன், பதிலே இல்லை: எங்கே தப்பு?

மரச்சில்:

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது சிறிய பட்டறை, பதினோரு பேர் வேலை செய்கிறோம். சாப்பாட்டு மேசையும் நாற்காலியும்தான் முக்கியம், கொஞ்சம் புத்தக அலமாரியும் செய்வோம். இதுவரை வந்த ஆர்டர் எல்லாம் தெரிந்தவர்கள் சொல்லி வந்தவை. அதை மட்டும் நம்பிப் பட்டறையை நடத்த முடியாது என்று தெரிந்ததால், ஃபர்னிச்சர் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கலாம் என்று மூன்று மாதமாக மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். 160 கடைக்கு அனுப்பியிருப்பேன். வந்தது நான்கே பதில். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், ஒன்று தானாக வந்த விடுமுறைப் பதில், இன்னொருவர் விலைப்பட்டியல் கேட்டார், அனுப்பினேன், அதற்கப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை.

பொருளில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் வாங்கியவர்கள் இன்றைக்கும் அதே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் மெயிலில்தான் ஏதோ தப்பு. நான் அனுப்பியதை அப்படியே கீழே போடுகிறேன், தயங்காமல் சொல்லுங்கள்.

*தலைப்பு: உயர்தர மர ஃபர்னிச்சர் – இணைந்து வளர ஓர் அரிய வாய்ப்பு*

*மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், நாங்கள் பல ஆண்டு அனுபவம் வாய்ந்த ஃபர்னிச்சர் தயாரிப்பாளர்கள். தரம், நம்பிக்கை, நியாயமான விலை ஆகியவையே எங்கள் தாரக மந்திரம். நவீன வடிவமைப்பில் மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில் என அனைத்து வகைப் பொருட்களும் எங்களிடம் கிடைக்கும். இத்துடன் எங்கள் கேட்டலாக்கை இணைத்துள்ளோம். தங்களுடன் நீண்டகால வணிக உறவை எதிர்பார்க்கிறோம். தங்கள் மேலான பதிலை எதிர்நோக்கி...*

கேட்டலாக் 64 பக்கம், 11 எம்.பி.

கடைத்தளம்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள். மூன்று கிளை உள்ள ஒரு கடைக்குப் பன்னிரண்டு வருடமாகக் கொள்முதல் பார்க்கிறேன். உங்களுடையதைப் போன்ற மெயில் எனக்கு வராத நாளே கிடையாது, அதனால் அது என் கண்ணில் எப்படிப் படுகிறது என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தலைப்பு. "உயர்தர" என்று போடாத ஆள் இல்லை, அதனால் அந்த வார்த்தை கண்ணில் படுவதே இல்லை. "ஐயா/அம்மையீர்" என்று பார்த்த உடனே இது ஊருக்கெல்லாம் போன மெயில் என்று தெரிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பதை நான் படிப்பதில்லை. இன்றைக்கு உங்களுக்காக முழுக்கப் படித்தேன். படித்த பிறகும் நீங்கள் என்ன மேசை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை! இங்கே எழுதிய முதல் இரண்டு வரியில் "பதினோரு பேர், சாப்பாட்டு மேசை, ஆறு வருடம் கழித்தும் அதே மேசையில் சாப்பிடுகிறார்கள்" என்று எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதில் ஒன்றுகூட மெயிலில் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் ஒரு செட்டைக் கடைத் தளத்தில் வைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பார்க்கவும் சுற்றி நடக்கவும் இடம் விட்டால், ஏறக்குறைய எட்டு சதுர மீட்டர் போய்விடும். என் கடையில் அப்படிச் சும்மா கிடக்கும் எட்டு சதுர மீட்டர் கிடையாது. உங்கள் மேசை உள்ளே வரவேண்டுமென்றால் இப்போது நிற்கும் ஏதோ ஒரு மேசை வெளியே போகவேண்டும், அதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். நான் எதை எடுக்கவேண்டும், ஏன் எடுக்கவேண்டும் என்று உங்கள் மெயில் சொல்லாதவரை, கைவினை எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்னால் எதுவும் செய்ய முடியாது.

அஞ்சல்வழி:

மேடம் சொன்னது எல்லாம் மெயில் போய்ச் சேர்ந்தபிறகு. போய்ச் சேர்ந்ததா என்றே எனக்குச் சந்தேகம். 11 எம்.பி. கோப்பை முன்பின் தெரியாத முகவரியிலிருந்து இணைத்து அனுப்பினால் நிறைய நிறுவனங்களின் வடிகட்டி அதை ஸ்பாமில் தள்ளிவிடும், அதிலும் இணைப்பு என்பது அனுப்பும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். மரச்சில், மூன்று விஷயம் சொல்லுங்கள். சொந்த டொமைன் (உங்கள் பெயரில் வாங்கிய இணையப் பெயர்) முகவரியா, இலவச முகவரியா? அந்த டொமைனுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் பதிவுகள் (மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டுபவை) போட்டிருக்கிறீர்களா? எல்லாருக்கும் பி.சி.சி.யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) ஒரே தடவையில் அனுப்பினீர்களா?

மரச்சில்:

இலவச முகவரிதான். நீங்கள் சொன்ன பதிவுகள் எதுவும் கிடையாது, பெயரையே இப்போதுதான் கேட்கிறேன். பி.சி.சி.யில் ஒரு தடவைக்கு 40 பேர்.

அஞ்சல்வழி:

அப்படியானால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கின. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்று பதிவும் கட்டாயம், ஸ்பாம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. உங்களைப் போலச் சின்ன அளவில் அனுப்புபவர்களும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம்., இரண்டில் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும். 0.3 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். நீங்கள் அனுப்பியது 160 தான், அதில் ஒரே ஒருவர் ஸ்பாம் பட்டனை அழுத்தினாலே சதவீதக் கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அதனால்தான் பொருத்தமில்லாத கடைக்கு அனுப்பாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்று எல்லாரிடமும் சொல்வேன்.

செய்யவேண்டியது அதிகமில்லை. டொமைன் வாங்குங்கள், பட்டறைப் பெயரில் ஒரு முகவரி, டொமைன் கொடுத்தவரிடம் சொன்னால் மூன்று பதிவையும் போட உதவுவார்கள். முதல் மெயிலில் இணைப்பே வேண்டாம். படம் வேண்டுமென்றால் சிறியதாக ஒன்று. முழு மெயிலையும் ஒரே படமாக வடிவமைத்து அனுப்புகிறார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள், படம் திறக்காத இடத்தில் வெறும் வெள்ளைப் பெட்டிதான் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நாளைக்கு ஐந்தாறு மட்டும் அனுப்புங்கள்.

வெளிநாட்டுக் கடைகளுக்கும் எழுதுவதாக இருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம் நிறுவனங்களுக்கு அனுப்பும் விற்பனை மெயிலுக்கும் பொருந்தும்: ஏமாற்றும் தலைப்பு கூடாது, உண்மையான அஞ்சல் முகவரி இருக்கவேண்டும், இனி அனுப்பாதே என்று ஒருவர் சொன்னால் 10 வேலைநாளுக்குள் நிறுத்தவேண்டும். கனடாவில் 2014 ஜூலையிலிருந்து இருக்கும் சட்டம் இன்னும் கண்டிப்பானது, பொதுவாக முன்சம்மதம் கேட்கிறது.

ஊர்சுற்றி:

தம்பி, இவர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் நான் பதினெட்டு வருடம் சோஃபாவும் மெத்தையும் விற்றவன், ஒரு மெயிலும் எழுதியதில்லை. கடைக்கு நேரில் போ. துணிச் சாம்பிளைக் கையில் கொடு. உட்கார்ந்து பார்க்கச் சொல். மரத்தை மெயிலில் தடவிப் பார்க்க முடியாது. நேரில் போனால் அந்தக் கடையில் எது ஓடுகிறது, எது தூசி படிந்து நிற்கிறது என்று உன் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கடைத்தளம்:

ஐயா, நேரில் வருவதை நானும் மதிக்கிறேன். ஆனால் சனிக்கிழமை மாலை, கடை முழுக்க ஆட்கள் நிற்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் நான் என்ன பேசமுடியும்? நான் கேட்பதெல்லாம், முதலில் வாடிக்கையாளர் மாதிரி வந்து பாருங்கள், பார்த்துவிட்டுப் போய் மெயில் எழுதுங்கள், என்னிடம் நேரம் வாங்கிக்கொண்டு அப்புறம் நாற்காலியோடு வாருங்கள். ஐயா சொன்ன "தூசி படிந்து நிற்பது எது" என்பதுதான் அந்த மெயிலின் முதல் வரியாக இருக்கவேண்டும். என் தளத்தைப் பார்த்து எழுதியவர் என்று தெரிந்தால் நான் கட்டாயம் பதில் போடுவேன், வேண்டாம் என்றாவது போடுவேன்.

தூரத்துக் கடை என்றால் அவர்களுடைய இணையதளத்தைப் பாருங்கள். மேசைப் பகுதியில் எத்தனை மாடல், என்ன அளவு, என்ன மரம், எந்த விலைக்கும் எந்த விலைக்கும் நடுவே ஓட்டை இருக்கிறது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஊர்சுற்றி:

நியாயம்தான் அம்மா. மெயில் கதவைத் திறக்கட்டும், நாற்காலி உள்ளே போய்ப் பேசட்டும். அப்படியென்றால் எனக்குச் சம்மதம்.

புதியவள்:

குறுக்கே கேட்கிறேன், நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன் (பிரம்பு நாற்காலிகள்). முதல் மெயிலிலேயே விலை சொல்லலாமா? சொன்னால் விலையை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம், சொல்லாவிட்டால் மறைப்பதாக நினைப்பார்களோ என்று இன்னொரு பயம்.

கடைத்தளம்:

என் விருப்பம்: கடையில் அது எந்த விலைக்கு நிற்கும் என்று சொல்லுங்கள், மொத்த விலையை நான் கேட்கும்போது தாருங்கள். கடை விலை தெரிந்தால் என் தளத்தில் எதன் பக்கத்தில் வைப்பேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவேன்.

இங்கே நிறையப் பேர் தடுமாறும் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் 100க்கு வாங்கி 200க்கு விற்றால் வாங்கிய விலைமேல் விலையேற்றம் 100 சதவீதம், ஆனால் மார்ஜின், அதாவது விற்ற விலையில் எனக்கு நிற்கும் பங்கு, 50 சதவீதம்தான். "உங்களுக்கு 50 சதவீத மார்ஜின்" என்று மெயிலில் எழுதிவிட்டு, பட்டியலில் 100க்கு எதிரே 150 போட்டு அனுப்புகிறார்கள். அது 33 சதவீத மார்ஜின். அந்த ஒரு வரியிலேயே இவருக்குக் கடை வியாபாரம் தெரியாது என்று எனக்குப் புரிந்துவிடும். வண்டிக் கூலி, வீட்டில் போய்ப் பாகங்களைப் பூட்டித் தரும் ஆள் கூலி, அடிபட்டுத் திரும்பி வருவது, வருடக் கடைசியில் தள்ளுபடியில் தள்ளுவது, எல்லாம் அந்த மார்ஜினுக்குள்ளிருந்துதான் போகவேண்டும்.

இன்னொன்று, இதை யாருமே எழுதுவதில்லை. நீங்கள் உங்கள் இணையதளத்தில் நேரடியாகவும் விற்கிறீர்களா, விற்றால் என்ன விலைக்கு? என் கடைத் தளத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போனை எடுத்து உங்கள் இணையதளத்தில் குறைந்த விலைக்கு ஒருவர் வாங்கினால் நான் உங்களுக்கு இலவசக் காட்சிக்கூடம் நடத்துகிறேன் என்று அர்த்தம். "கடை விலைக்குக் கீழே நாங்கள் எங்கேயும் விற்பதில்லை" என்று உண்மையாகவே சொல்ல முடிந்தால், அது ஒரு பத்திக்குச் சமம்.

மரச்சில்:

நாங்கள் இணையத்தில் விற்பதே இல்லை, அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சரி, ஒரு கடையின் இணையதளத்தை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு பேர் மேசை ஐந்து மாடல், ஆறு பேர் மேசை மூன்று, நீட்டி மடக்கும் மேசை ஒன்றுகூட இல்லை. நாங்கள் நீட்டு மேசை செய்கிறோம்! அதை வைத்து எழுதிப் பார்த்தேன்: எங்கள் பட்டறை எப்படித் தொடங்கியது என்று ஒரு பத்தி, மரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று ஒரு பத்தி, நீட்டு மேசை பற்றி ஒரு பத்தி, நாற்காலிகள் பற்றி ஒரு பத்தி, கடைசியில் சந்திக்க நேரம் கேட்டு ஒரு பத்தி. 340 வார்த்தை வந்தது. நீளமோ?

கடைத்தளம்:

நீளம்தான். முதல் இரண்டு பத்தியும் நாற்காலிப் பத்தியும் போகட்டும். பட்டறைக் கதை நல்ல கதை, நான் நேரில் வரும்போது கேட்கிறேன். இந்த மெயிலில் ஒரே ஒரு மேசை இருக்கட்டும். மிச்சமாகும் இடத்தில் என் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

என் பயம் என்ன? புது ஆளிடம் வாங்கி நான் பட்டது. ஒரு தடவை ஆறு செட் வாங்கினோம், இரண்டு செட்டில் தலா ஒரு கால் வழியிலேயே விரிசல் விட்டுவிட்டது. தயாரித்தவர் மாற்றுக் கால் மட்டும் அனுப்ப முடியாது, முழு மேசையையும் திருப்பி அனுப்புங்கள் என்றார். பணம் கட்டிய வாடிக்கையாளர் ஏழு வாரம் காத்திருந்தார், தினமும் போன் எங்களுக்கு. அதற்கப்புறம் எனக்கு முதல் கேள்வியே, ஒரு கால் உடைந்தால் ஒரு கால் மட்டும் வருமா, எத்தனை நாளில்?

இதோடு, கழற்றி வருமா முழுசாக வருமா, பெட்டி என்ன அளவு, பூட்ட எவ்வளவு நேரம், எத்தனை வாரத்தில் வரும், குறைந்தது எத்தனை எடுக்கவேண்டும். மரம் உலர்த்தியதா என்பதும் முக்கியம். வீட்டுக்குள் போகும் மரத்தில் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இல்லையென்றால் மேற்பலகை சில மாதத்தில் வளையும், இணைப்பில் கோடு விழும், அந்தப் போனும் எனக்குத்தான் வரும்.

கப்பல்பெட்டி:

ஏற்றுமதி பார்ப்பவன் என்ற முறையில் ஒரு சேர்க்கை. பெட்டி அளவு என்பது வெளிநாட்டு வாங்குபவருக்கு விலையைவிடப் பெரிய கேள்வி. 40 அடி ஹை-கியூப் (உயரம் கூடிய) கன்டெய்னரின் கொள்ளளவு ஏறக்குறைய 76 கன மீட்டர், நடைமுறையில் அவ்வளவும் நிரப்ப முடியாது. முழுசாகப் பூட்டிய மேசையை ஏற்றினால் காற்றுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். காலைக் கழற்றிப் பட்டையாக அடுக்கினால் அதே கன்டெய்னரில் பல மடங்கு போகும். அதனால் "ஒரு பெட்டி இத்தனை கன மீட்டர்" என்று மெயிலில் ஒரு வரி போட்டால், வாங்குபவர் தன் கடை வாசல்வரை வரும் செலவை உடனே கணக்குப் போட்டுவிடுவார்.

சான்றிதழும் அப்படித்தான், நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவுக்கு என்றால் எம்.டி.எஃப்., கடினமரப் பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு என எந்தப் பலகையானாலும் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கு வரம்பு உண்டு. 2023 செப்டம்பர் 1க்குப் பிறகு தயாரான துணி அலமாரிகளும் இழுப்பறை அலமாரிகளும் சாய்ந்து விழாமல் நிற்கும் சோதனையில் தேறவேண்டும், குழந்தைகள் ஏறி அலமாரி மேலே விழுந்து இறந்ததால் வந்த விதி அது. பிரிட்டனுக்கு மெத்தை வைத்த இருக்கை என்றால் 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள். பத்துச் சான்றிதழை இணைக்கவேண்டாம், அந்த நாட்டுக்கு உரியது கையில் இருக்கிறது என்று ஒரு வரி போதும். இல்லையென்றால் அந்த நாட்டுக்கு இப்போதைக்கு எழுதவேண்டாம்.

மரச்சில்:

திரும்ப எழுதினேன்.

*தலைப்பு: உங்கள் நான்கு பேர் மேசைகளோடு ஒரு நீட்டு மேசை*

*வணக்கம். உங்கள் இணையதளத்தில் நான்கு பேர் மேசை ஐந்து மாடலும் ஆறு பேர் மேசை மூன்று மாடலும் பார்த்தேன், நீட்டி மடக்கும் மேசை இல்லை. நாங்கள் அதைச் செய்கிறோம்: 120 செ.மீ., நீட்டினால் 160 செ.மீ., ரப்பர் மரம், ஈரப்பதம் 10 சதவீதம்வரை சூளையில் உலர்த்தியது. கடைத் தளத்தில் நான்கு பேர் மேசைக்கான இடமே போதும்.*

*கால்கள் கழற்றி ஒரே பெட்டியில் வரும், இரண்டு பேர் கால்மணி நேரத்தில் பூட்டலாம். குறைந்தது 4 மேசை, 4 வாரம். எந்தப் பாகம் அடிபட்டாலும் அந்தப் பாகத்தை மட்டும் 7 நாளில் எங்கள் செலவில் அனுப்புவோம். நாங்கள் நேரடியாக இணையத்தில் விற்பதில்லை.*

*மொத்த விலை, பெட்டி அளவு, நான்கு படங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அனுப்பட்டுமா?*

கடைத்தளம்:

இது எனக்கு வந்திருந்தால் "அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை தட்டியிருப்பேன். கடைசிக் கேள்வி நன்றாக இருக்கிறது, யோசிக்காமல் பதில் சொல்லலாம். முப்பது நிமிடம் நேரம் கேட்டால் நான் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும், பார்க்கமாட்டேன். அந்த 7 நாள் மட்டும் நிஜமாக முடியுமா என்று பட்டறையில் கேட்டுவிட்டு எழுதுங்கள். முடியாவிட்டால் 12 என்று போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று எழுதலாம், ஆனால் "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா" என்று எழுதாதீர்கள். புதிதாக ஒன்று சொல்லுங்கள்: மேசை நீளும் இருபது நொடி வீடியோ, இல்லை பாலிஷ் நிறங்களின் படம். மூன்றாவது மெயிலுக்கும் பதில் இல்லையென்றால் ஆறு மாதம் விட்டுவிடுங்கள். விற்பனை உச்சத்தில் இருக்கும் வாரங்களிலும் வேண்டாம். பெரிய கடைகள் அடுத்த பருவத்துக்கான மாடல்களைச் சந்தைக் கண்காட்சியை ஒட்டித்தான் முடிவு செய்யும். அமெரிக்காவின் ஹை பாயின்ட் ஃபர்னிச்சர் சந்தை ஏப்ரலிலும் அக்டோபரிலும், இத்தாலியின் மிலான் கண்காட்சி ஏப்ரலில். அதற்கு ஐந்தாறு வாரம் முன்பு எழுதினால் அவர்கள் பட்டியல் போடும் நேரத்தில் உங்கள் மேசையும் ஞாபகத்தில் இருக்கும்.

புதியவள்:

நான் இதைப் பார்த்து என் பட்டியலைத் திரும்ப எடுத்தேன். 90 கடையில் 22 கடைக்குத்தான் பிரம்பு பொருந்தும். மீதிக் கடைகள் தோல் சோஃபா மட்டும் விற்கின்றன, அவர்களுக்கு ஏன் எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

மரச்சில்:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். புது முகவரியிலிருந்து 18 கடைக்கு எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரமாவது ஆனது. ஏழு பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர் வேண்டாம் என்றாலும் காரணத்தோடு சொன்னார்கள். ஒருவர் தங்களுக்கு வேறு இடத்திலிருந்து நீட்டு மேசை வரப்போகிறது, ஆனால் 30 செ.மீ. ஆழத்தில் புத்தக அலமாரி செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார், அதை இப்போது வரைந்துகொண்டிருக்கிறோம். இரண்டு பேர் விலைத்தாளை வாங்கிக்கொண்டு யோசிக்கிறார்கள். ஒரு கடை சாம்பிளுக்கு இரண்டு மேசை எடுத்தது, ஊர்சுற்றி ஐயா சொன்னபடி நானே கொண்டுபோய்ப் பூட்டிக் காட்டினேன்.

அங்கே கிடங்கில் இருந்தவர்தான் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். பெட்டி 46 கிலோ, ஒருவர் தூக்க முடியாது, மாடிப்படியில் இரண்டு பேரே திணறுகிறார்கள். மேற்பலகையை ஒரு பெட்டியிலும் காலையும் சட்டத்தையும் இன்னொன்றிலுமாகப் பிரிக்கலாமா என்று கேட்டார். பிரித்தால் 28ம் 18மாக வரும், அட்டைச் செலவு கொஞ்சம் கூடும். கடைத்தளம் மேடம், கடைக்காரர் பார்வையில் இது சரியா?

கடைத்தளம்:

பிரியுங்கள், தூக்குபவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஆனால் இரண்டு பெட்டியிலும் நான்கு பக்கமும் 1/2, 2/2 என்றும் ஒரே மேசை எண்ணையும் பெரிதாக அச்சடித்துவிடுங்கள். ஒரு பெட்டி வந்து ஜோடிப் பெட்டி வராமல் எங்கள் கிடங்கில் இன்னும் இரண்டு மேசை நிற்கின்றன. மெயிலில் "ஒரே பெட்டியில் வரும்" என்று இருப்பதையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.